ஐந்தே முக்கால்

எம்.சி. ரோட்டில் துணியெடுக்கப் போய்
தட்டோடு திரும்பினோம்.

பாத்திரக்கடைக்காரர் எவர்சில்வரைத் தராசில் வைத்து
கிலோ இவ்வளவு என்றார்.
சோறு தின்கிற தட்டை
வெங்காயம் மாதிரி நிறுத்து வாங்குவதா?
டில்லிபாபு விரலை மடக்கிச் சுண்டினார்.
"சத்தத்தைக் கேளு. நம்ம காலத்துக்கும் வரும்."
எனக்கு வேண்டியிருந்தது
காலத்துக்கும் வருவதல்ல,
சாம்பார் ஊற்றினால் சாம்பாரின் நிறம் தெரிகிற
ஒரு வெள்ளைத் தட்டு.

வீட்டில் இருந்ததெல்லாம் சீர் வந்த எவர்சில்வர்.
பெயர் வெட்டியவன் கை பிசகி
எல்லாவற்றிலும் 'டில்லிபாடு'.
கழுவும்போதெல்லாம் படிப்பேன்.
அதுவும் பொய்யில்லை.

இரண்டு தெரு தள்ளி நடைபாதையில்
வைக்கோலுக்குள் படுத்துக் கிடந்தன ஆறு.
எக்ஸ்போர்ட்டுக்குப் போய்த் திரும்பிய சரக்காம்.
ஓரத்து நீலக்கோடு
ஒரே ஓர் இடத்தில் தடுமாறியிருந்தது,
வரைந்தவருக்கு அப்போது தும்மல் வந்திருக்கலாம்.
ஐந்நூறு சொன்னான், முந்நூற்றெண்பதுக்கு முடித்தேன்.
ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு
பள்ளத்துக்குப் பள்ளம் மூச்சைப் பிடித்தபடி வந்தேன்.
எர்ணாவூர் வரை எத்தனை பள்ளம் என்று
என்னைக் கேளுங்கள்.

நாத்தனார் குணவதி பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"ஓட்டல்ல சாப்பிடற மாதிரி இருக்கு."
குறையாகத்தான் சொன்னாள்.
அப்போது அவள் வீட்டில்
ஃபிரிட்ஜ் முதல் கரண்டி வரை எல்லாமே புதுசு.

எங்கள் வாசலை ஒட்டித்தான்
துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும்.
ராத்திரி இரண்டு மணிக்கு வரிசை நகர்ந்தால்
அலமாரியில் தட்டுகள் கிணுகிணுக்கும்.
முதல் வாரம் எலியென்று விளக்கைப் போட்டார்.
பிறகு படுத்தபடியே சொல்லப் பழகினார்:
"இது காலி வண்டி."
"இது லோடு."
ஸ்ட்ரைக் நடந்த மூன்று ராத்திரியும்
எங்களுக்குத் தூக்கமில்லை.

மீன் நாளில் மட்டும் வெள்ளைத் தட்டு கிடையாது.
சோற்றோடு சேர்ந்து முள் ஒளிந்துகொள்ளும்.
கவளை வாங்கினால் டில்லிபாடுதான்.

எண்ணெயோடு வெள்ளம் வந்த டிசம்பரில்
அடித்தட்டு வரை கறுப்பு ஏறியது.
மரத்தூள், சோப்புத்தூள், எலுமிச்சைத் தோல்,
கடைசியில் மெகருன்னிசா கொடுத்த மண்ணெண்ணெய்த் துணி.
எவர்சில்வர் இரண்டாம் நாளே
ஒன்றும் நடக்காதது மாதிரி முகத்தைக் காட்டியது.
பீங்கான் அப்படியில்லை,
நீலக்கோட்டுக்கு உள்ளே இன்னும் ஒரு பழுப்பு மயிரிழை.
தேய்க்கிற வேகத்தில் வழுக்கி
ஒன்றின் விளிம்பில் சில்லு போயிற்று.
தூக்கிப் போட மனசில்லை.
ஆறு என்று சொல்லவும் வாயில்லை.
மகள் ஷைனிதான் எண்ணிச் சொன்னாள்:
"ஐந்தே முக்கால்."

சில்லு போன இடத்தில்
கட்டைவிரல் கச்சிதமாக உட்காருகிறதாம்,
அது அவளுடையது.
வேறு யாராவது எடுத்தால் வீடு ரெண்டுபடும்.

போன வியாழக்கிழமை குணவதி வந்தாள்.
ஒரு பெட்டி, ஒரு கட்டைப்பை,
கழுத்தில் ஒன்றுமில்லை.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
நான் எவர்சில்வரை எடுக்கப் போனேன்.
"அந்த ஓட்டல் தட்டுலயே போடேன்" என்றாள்.

ரசம் சோறு.
பாதியில் நிறுத்தி, தட்டைத் திருப்பித் திருப்பி
அந்தத் தும்மலிடம் வந்ததும்
விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்:
"எங்க வாங்கின இதை?"

எனக்கு அந்தப் பதில் வாய் வரை வந்தது.
"பிளாட்பாரத்துல" என்று மட்டும் சொன்னேன்.

ஷைனி எழுந்து போய்
தன் முக்கால் தட்டை எடுத்துவந்து
அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ராத்திரி இரண்டு மணி.
கூடத்திலிருந்து குணவதியின் குரல்:
"அண்ணா, என்ன சத்தம் அது?"

புரண்டு படுத்தபடி இவர் சொன்னார்:
"லோடு வண்டி. போயிடும். படு."